மூன்று ஆன்டிவைரஸ் இருந்தும் பென் டிரைவில் ஷார்ட்கட் வருவது ஏன்?

கேள்வி: தாலுகா அலுவலகம் அருகே ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். மூன்று கணினிகள். இரண்டில் விண்டோஸ் 10, பழைய ஒன்றில் விண்டோஸ் 7. வாடிக்கையாளர்கள் பென் டிரைவில் கொண்டுவரும் மனுக்களையும் சான்றிதழ்களையும் அச்சிட்டுக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. ஒரு மாதமாக எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. 'உன் கடையில்தான் வைரஸ் ஏறியது' என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இலவச ஆன்டிவைரஸ் இரண்டு போட்டிருக்கிறேன். யூடியூப் பார்த்து மூன்றாவதாக இறக்கிய ஒன்று, 1,400-க்கும் மேற்பட்ட கோளாறுகள் இருப்பதாகக் காட்டி, நீக்குவதற்குப் பணம் கேட்கிறது. எதுதான் நல்ல ஆன்டிவைரஸ்? காசு கொடுத்து வாங்கலாமா? பென் டிரைவில் காணாமல் போன கோப்புகள் திரும்ப வருமா?

ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். அவசரம் அதில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், காணாமல் போன கோப்புகள் பென் டிரைவிலேயே பத்திரமாக இருக்கின்றன. 'ஃபார்மட் அடித்துவிட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வைரஸோடு சேர்ந்து வாடிக்கையாளரின் பத்திர நகலும் போய்விடும்.

ஷார்ட்கட் வைரஸ் என்று நாம் சொல்வது, பென் டிரைவ் வழியாகத் தானே நகலெடுத்துப் பரவும் வைரஸ், அதாவது ஒரு புழு வகை. அது உண்மையான ஃபோல்டர்களை அழிப்பதில்லை. 'மறைக்கப்பட்டது', 'சிஸ்டம் கோப்பு' என்ற இரண்டு முத்திரைகளை அவற்றின் மேல் குத்தி விண்டோஸின் பார்வையிலிருந்து ஒளித்துவிடுகிறது. பிறகு அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. நீங்கள் அதை இரட்டைக் கிளிக் செய்தால் முதலில் புழு ஓடும், அடுத்த நொடியே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். வேலை நடந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இன்னொரு வகை, டிரைவில் உள்ள அத்தனையையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, டிரைவின் பெயரிலேயே ஒற்றை ஷார்ட்கட்டை வெளியே விட்டுவைக்கும். அந்த ஃபோல்டருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்று எழுத்துதான் அதன் பெயர்.

உறுதி செய்துகொள்ள, ஷார்ட்கட்டைத் திறக்காமல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய், டார்கெட் என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே ஃபோல்டரின் முகவரிக்குப் பதிலாக 'சிஎம்டி' அல்லது 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்று தொடங்கும் ஒரு நீண்ட கட்டளை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மீட்பது சுலபம். எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் ஆப்ஷன்ஸ் திறந்து, மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும்படி தேர்வு செய்யுங்கள். அதற்குச் சற்றுக் கீழே, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைத்துவைக்கும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பலரும் முதல் படியோடு நிறுத்திவிட்டு 'ஒன்றும் தெரியவில்லையே' என்பார்கள். இரண்டாவதைச் செய்தால்தான் மங்கலான நிறத்தில் ஃபோல்டர்கள் தலைகாட்டும். உள்ளே போய், தேவையான ஆவணங்களையும் படங்களையும் மட்டும் தேர்ந்தெடுத்து, கணினியில் புதிய ஃபோல்டர் ஒன்றில் நகலெடுங்கள். ஷார்ட்கட்டையும், அடையாளம் தெரியாத நிரல் கோப்புகளையும் தொடாதீர்கள்.

ஆனால் இதை உங்கள் கடைக் கணினியில் இப்போதே செய்தால் பயன் இல்லை. புழுவின் குடியிருப்பு பென் டிரைவ் அல்ல. அது உங்கள் கணினியில், பயனர் கணக்கின் மறைவான ஃபோல்டர் ஒன்றில் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டாக, அதாவது கட்டளைக் கோப்பாக உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போதே அதுவும் தொடங்கி, எப்போது புதிய டிரைவ் செருகப்படும் என்று காத்திருக்கிறது. நீங்கள் பென் டிரைவை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மறுபடி ஏறுவது இதனால்தான். ஆகவே வரிசை முக்கியம். எல்லாப் பென் டிரைவ்களையும் கழற்றிவிட்டு முதலில் கணினி, பிறகுதான் ஒவ்வொரு டிரைவாக. கணினி சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஒன்றுமில்லாத பென் டிரைவில் வெற்று ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிச் செருகிச் சில நிமிடம் விட்டுவையுங்கள். அது ஷார்ட்கட்டாக மாறவில்லை என்றால் மூச்சு விடலாம்.

சண்டைக்கு வந்தவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அவர் சொன்னது சரிதான். அவர் அந்தப் பென் டிரைவை வீட்டுக் கணினியிலும் செருகியிருப்பார் என்பதால் அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி, எது நல்ல ஆன்டிவைரஸ் என்ற கேள்வி. கடைகளிலும் இணையத்திலும் எல்லாவற்றையும் 'ஆன்டிவைரஸ்' என்ற ஒரே பெயரில் விற்பதால் ஒப்பிடவே கூடாதவற்றை ஒப்பிட்டுக் குழம்புகிறோம். வாசலில் நிற்கும் காவலாளி வேறு, உள்ளே நுழைந்துவிட்ட பாம்பைப் பிடிக்க வருபவர் வேறு. முதல் வகை எப்போதும் இயங்கிக்கொண்டே, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் பார்க்கும். இரண்டாவது வகை நீங்கள் அழைக்கும்போது மட்டும் ஓடி, கிடைத்ததை நீக்கிவிட்டு நின்றுவிடும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. விண்டோஸை இயங்கவிடாமல், வெளியிலிருந்து கணினியைத் தொடங்கித் தேடுவது அது. தன்னைக் கண்டுபிடிக்கவிடாமல் விண்டோஸையே ஏமாற்றும் வைரஸ்களுக்கு இதுதான் மருந்து.

முதல் வகையில் ஒன்றுக்கு மேல் வைக்கக் கூடாது. ஒரு கோப்பை நீங்கள் திறந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்து இழுக்கும், கணினி நத்தையாகும், ஒன்று சிறைவைத்த வைரஸை மற்றது புதிய வைரஸ் என்று கூச்சலிடும். உங்கள் கணினியில் அப்படி இரண்டு இருக்கின்றன. அதோடு, வேறு ஆன்டிவைரஸ் ஏறியதும் விண்டோஸில் பிறவியிலேயே உள்ள டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாக ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் போட்ட மூன்றையும் நீக்குங்கள். கணினியை மறுபடி தொடங்கியதும் டிஃபெண்டர் தானே விழித்துக்கொள்ளும்.

பணம் கேட்கும் மூன்றாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1,400 கோளாறு என்பது வைரஸ் எண்ணிக்கை அல்ல. பிரவுசரின் குக்கீகள், பழைய ரெஜிஸ்ட்ரி பதிவுகள், தற்காலிகக் கோப்புகள் என்று எந்தக் கணினியிலும் கிடக்கும் குப்பையை எண்ணிச் சிவப்பு எழுத்தில் காட்டுவது இத்தகைய நிரல்களின் பழைய வித்தை. ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் இப்படிப் பயமுறுத்திப் பழுதுநீக்கும் சேவை விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2024-இல் அவை 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. உங்கள் கணினியில் இருப்பது யாருடையது என்று கடிதத்தில் இல்லை. யாருடையதாக இருந்தாலும் நீக்குங்கள். அதற்கு ஏற்கெனவே கார்டு விவரம் கொடுத்திருந்தால் வங்கியிடம் சொல்லிவிடுங்கள்.

காவல் வேலைக்கு டிஃபெண்டர் போதுமா? பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். இன்று போதும் என்பதே என் முடிவு, இரண்டு குறைகளோடு. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டும் இந்தத் துறையில் நெடுங்காலமாகச் சோதனை நடத்திவரும் ஆய்வகங்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்படுத்தும் வசதி என்று மூன்று பிரிவுகளுக்கு ஆறு ஆறாக 18 புள்ளிகள் தருகிறது. டிஃபெண்டர் அதில் முழுப் புள்ளிக்கு அருகிலேயே நிற்கிறது. குறைகளை ஏவி-கம்பேரட்டிவ்ஸின் அறிக்கைகளில் பார்க்கலாம். இணையத் தொடர்பு இல்லாதபோது டிஃபெண்டரின் கண்டறியும் திறன் கணிசமாகக் குறைகிறது. பாதி மூளையை அது மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் வைத்திருக்கிறது. கோப்புகளை நகலெடுக்கும்போது கணினியைக் கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது. எஸ்.எஸ்.டி. இல்லாத பழைய கணினிகளில் இது நன்றாகவே தெரியும்.

இந்த ஆய்வகங்களின் அட்டவணைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முன்னணியில் இருப்பவை எல்லாம் வைரஸைப் பிடிப்பதில் 99 சதவீதத்தை ஒட்டியே நிற்கின்றன. 99.5-க்கும் 99.8-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கடையில் தெரியப்போவதில்லை. நான் பார்ப்பது பக்கத்தில் உள்ள இன்னொரு எண்ணை: நல்ல கோப்பை வைரஸ் என்று தவறாகப் பிடித்தது எத்தனை முறை என்பதை. யாரும் அதை விளம்பரத்தில் போடுவதில்லை. 2010 ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி இயங்க இன்றியமையாத ஒரு கோப்பையே வைரஸ் என்று சிறைவைத்தது. உலகெங்கும் அலுவலகக் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்துகொண்டிருந்தன. வைரஸே இல்லாமல் வந்த நாசம் அது.

நம் பக்கத்துப் பெயர்களையும் சொல்ல வேண்டும். கே7 சென்னையில் 1991-இல் தொடங்கிய நிறுவனம். கணினியை அதிகம் இழுக்காது என்பது அதன் பலம், ஆகவே பழைய கணினிகளுக்கு நான் அதைப் பரிசீலிப்பதுண்டு. புனேயின் குயிக் ஹீல் ஊர்தோறும் டீலர் வைத்திருக்கிறது. தொலைபேசியில் பேச ஆள் கிடைப்பது சிலருக்குப் பெரிய விஷயம். காஸ்பர்ஸ்கி கண்டுபிடிக்கும் திறனிலும், தவறாகப் பிடிக்காத நிதானத்திலும் முதல் வரிசை. ஆனால் அது ரஷ்ய நிறுவனம் என்பதால் 2024-இல் அமெரிக்கா அதன் விற்பனையைத் தடைசெய்தது. அது அரசியல் கணக்கு. விழுப்புரம் ஜெராக்ஸ் கடைக்கு அதில் ஆபத்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்டன் என்று நான்கு பெயர்களை ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. இலவச அவாஸ்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டித் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024-இல் 1.65 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. விற்பனை 2020-இலேயே நின்றுவிட்டது என்றாலும், இலவசம் என்பதன் விலையைத் தெரிந்துகொள்ள நல்ல உதாரணம்.

யாரும் படிக்காத உரிம ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கிறது. பெரும்பாலான இலவச ஆன்டிவைரஸ்கள் வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம். உங்களுடையது கடை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பிடித்து நீக்கும் இரண்டாம் வகைக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவத் தேவையில்லை, இறக்கி ஓட்டினால் போதும். இறக்கிய பத்தாம் நாள் காலாவதியாகிவிடும். பழைய வைரஸ் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் ஏமாறக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் அது டிஃபெண்டரின் அதே மூளை. டிஃபெண்டர் தவறவிட்டதை இதுவும் தவறவிட வாய்ப்பு அதிகம். இரண்டாம் அபிப்பிராயம் வேறு மருத்துவரிடம்தானே கேட்க வேண்டும்? அதற்கு ஈசெட் ஆன்லைன் ஸ்கேனரையோ காஸ்பர்ஸ்கி வைரஸ் ரிமூவல் டூலையோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னது தன் பட்டியலைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது, ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பும் தேடி நீக்கும். பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் விளம்பர நிரல்களைப் பிடிப்பதில் அது கெட்டி. முதல் இரண்டு வாரம் கட்டணப் பதிப்பின் காவல் வசதியையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் பிறகு நிறுத்திக்கொள்ளும். அது நின்றதைக் கவனிக்காமல் 'என்னிடம் மால்வேர்பைட்ஸ் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இந்திய நிறுவனங்களின் இலவச நீக்கிகள் கிடைக்கின்றன. 2017 முதல் இயங்கும் அந்தத் தளத்தை நம் கடைக்காரர்கள் பலர் அறிந்திருக்கவில்லை.

மூன்றாம் வகை உங்கள் விண்டோஸ் 10 கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் திறந்தால் கீழே 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்று இருக்கும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள். கணினி அணைந்து, விண்டோஸ் முழுதாக எழும் முன் ஒரு தனித் திரையில் தேடும். கால் மணி நேரம் ஆகும். முதலில் இதை ஓட்டி, அடுத்து வழக்கமான முழு ஸ்கேன், அதன்பின் வேறு நிறுவனத்தின் நீக்கி ஒன்று. உங்கள் ஷார்ட்கட் புழுவுக்கு இந்த வரிசை பெரும்பாலும் போதும்.

போதவில்லை என்றால்? நீக்கி ஓடி முடித்ததும் வரும் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். சாலிட்டி, ராம்னிட், விரட் என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் நீக்கிகளோடு மல்லுக்கட்டாதீர்கள். இவை தனிக் கோப்பாக இருப்பவை அல்ல. கணினியில் உள்ள நூற்றுக்கணக்கான நிரல்களுக்குள் தம்மைச் செருகிக்கொள்பவை. ஆவணங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் நேரத்தையும் மனதையும் மிச்சப்படுத்தும்.

நீங்கள் கேட்காத ஒன்றை இப்போது நான் கேட்கிறேன். உங்கள் கணினியில் உள்ள ஃபோட்டோஷாப், கோரல் டிரா, ஆஃபீஸ் எல்லாம் காசு கொடுத்து வாங்கியவையா? டி.டி.பி. கடைகளின் நிலவரம் எனக்குத் தெரியும். குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் காசு கொடுக்காத கிராக் பதிப்பை நிறுவும்போது 'முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், இந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேருங்கள்' என்று வழிமுறையில் எழுதியிருக்கும், நாமும் அப்படியே செய்திருப்போம். அந்த விலக்கு அன்றோடு போவதில்லை. பல வைரஸ்கள் ஒருமுறை அனுமதி கிடைத்ததும் சி டிரைவ் முழுவதையுமே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடும். அதன்பின் உலகத்திலேயே சிறந்த ஆன்டிவைரஸ் வைத்திருந்தாலும் அது அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. பச்சை டிக் மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளுக்குப் போய், கீழே உள்ள எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் அறியாத எதுவும் இருந்தால் நீக்குங்கள். ஸ்கேன் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. எத்தனையோ ஒப்பீட்டுக் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. இந்த ஒரு பட்டியலைப் பார்க்கச் சொல்பவர்கள் குறைவு.

டிஃபெண்டர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எய்கார் என்ற சோதனைக் கோப்பு உதவும். 68 எழுத்துகள் கொண்ட வெறும் உரை அது, தீங்கு செய்யாது. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் போலப் பிடிக்க வேண்டும் என்று பேசிவைத்திருக்கிறார்கள். அதை எய்கார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கும்போது எச்சரிக்கை வரவில்லை என்றால் காவலாளி தூங்குகிறான்.

எச்சரிக்கை வந்தால் எல்லாமே வைரஸ் என்றும் ஆகாது. பழைய தமிழ்த் தட்டச்சு நிரல்கள் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றுகின்றன. கடவுச்சொல் திருடும் நிரல்களும் விசைகளை இடைமறித்தே வேலை செய்வதால், சில ஆன்டிவைரஸ்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. டிஃபெண்டர் காட்டும் பெயரின் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியும் 'எம்எல்' என்ற இரண்டு எழுத்தும் இருந்தால், அது பட்டியலில் உள்ள வைரஸ் அல்ல, கணிப்பொறி தன் பயிற்சியை வைத்துச் செய்த ஊகம் என்று பொருள். அப்படிப்பட்ட கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் எழுபதுக்குக் குறையாத ஆன்டிவைரஸ்களின் தீர்ப்பை ஒரே பக்கத்தில் பார்க்கலாம். அறுபது நல்லது என்று சொல்லி, பெயர் தெரியாத மூன்று மட்டும் கூவினால் பெரும்பாலும் பொய் எச்சரிக்கை. ஒரு கட்டுப்பாடு: அங்கே ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்குப் போகும். ஆகவே நிரல் கோப்புகளை மட்டும் ஏற்றுங்கள். வாடிக்கையாளரின் ஆதார் நகலையோ பட்டாவையோ 'வைரஸ் இருக்கிறதா பார்க்கிறேன்' என்று ஏற்றிவிடாதீர்கள்.

எந்தக் கருவியாலும் திரும்பத் தர முடியாத இரண்டு உண்டு. ஒன்று கடவுச்சொல். இன்று அதிகம் உலவும் வைரஸ்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைச் சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போகின்றன. லும்மா என்ற ஒன்று மட்டும் 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை 3,94,000 விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. வைரஸை நீக்கினாலும் போனது போனதுதான். உங்கள் கடையில் மின்னஞ்சல், வங்கி, அரசுத் தளங்களின் உள்நுழைவு எல்லாம் பிரவுசரில் சேமிக்கப்பட்டிருந்தால், கைபேசியிலிருந்து அத்தனையையும் மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள், ஏனெனில் கடவுச்சொல் இல்லாமலேயே நுழைய உதவும் குக்கீயையும் அவை திருடும். வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

இரண்டாவது, பணயம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டிய கோப்பு. ஆன்டிவைரஸ் அந்த வைரஸை நீக்கும், பூட்டைத் திறக்காது. நெதர்லாந்து போலீசும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்கு மட்டும் சாவி கிடைக்கும். மற்றவற்றுக்கு, முன்பே எடுத்துவைத்த நகல் ஒன்றுதான் வழி. நீங்கள் வடிவமைத்த கல்யாணப் பத்திரிகைகள், ஆல்பங்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் வாரம் ஒருமுறை நகலெடுத்து, எடுத்த கையோடு கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

விண்டோஸ் 7 கணினியைப் பற்றி: அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. 2017-இல் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகைக் கலக்கியபோது விழுந்தவற்றில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் 7 கணினிகள். அதில் ஆன்டிவைரஸ் போடுவதை விட, விண்டோஸையே எடுத்துவிட்டு இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவச் சொல்வேன். நான்கு ஜிபி நினைவகம் போதும். பிறகு அந்தக் கணினியையே பென் டிரைவ் வரவேற்பறையாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் எந்தப் பென் டிரைவும் முதலில் அங்கேதான். விண்டோஸுக்கு எழுதப்பட்ட புழு அங்கே ஓடாது. அதோடு, விண்டோஸ் குத்திய 'மறைக்கப்பட்டது' முத்திரையை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை என்பதால், நான் மேலே சொன்ன ஆப்ஷன்ஸ் வேலை எதுவும் இல்லாமலேயே ஒளிந்திருக்கும் ஃபோல்டர்கள் கண்முன் நிற்கும். வேண்டாத ஷார்ட்கட்டை அழித்துவிட்டு ஆவணத்தை அங்கிருந்தே அச்சிடலாம். நிறுவும் முன் உங்கள் பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில பிரபலமான லேசர் பிரின்டர்கள் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய மனுக்கள் நிறைய வரும் கடை என்றால் அந்த எழுத்துருக்களையும் அதில் ஏற்ற வேண்டும்.

மற்ற இரண்டிலும்கூடக் கவனம் தேவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரையாவது வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் பட்டியல் வருவது வேறு, விண்டோஸின் ஓட்டைகள் அடைபடுவது வேறு. கணினிகள் தாங்குமானால் விண்டோஸ் 11-க்கு மாறுங்கள். தாங்காது என்றால் மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். உதவியாளருக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு போட்டுக்கொடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பில் இதைப் போல் வேறில்லை.

காசு கொடுத்து வாங்கலாமா? இத்தனையும் செய்தால் கட்டாயம் இல்லை. கையில் இருக்கும் பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆன்டிவைரஸை விட்டுவிட்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். இரண்டும் முடியும், இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகிறது, கணினி டிஃபெண்டரைச் சுமக்கத் திணறுகிறது என்றால் கட்டண ஆன்டிவைரஸுக்கு நியாயம் இருக்கிறது. வாங்கும் முன் சோதனைப் பதிப்பைச் சில வாரம் ஓட்டி, உங்கள் பிரின்டரும் தட்டச்சு நிரலும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முதல் வருட விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புதுப்பிக்கும்போது கேட்கும் விலை பல நேரம் அதிகமாக இருக்கும், புதிய பெட்டி வாங்குவது மலிவாகவும் முடியலாம். இணையத்தில் கார்டு கொடுத்து வாங்கினால் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே அணைத்துவிடுங்கள். காலம் முடிந்தபின் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் அதை அப்படியே விட்டுவைக்காமல் முழுதாக நீக்குங்கள். அதற்குப் புதிய வைரஸ் பட்டியல் வராது, டிஃபெண்டர் விழித்துக்கொள்வதற்கும் அது தடையாக இருக்கலாம்.